எங்கே எழுதியிருக்கிறது?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஸ்பெக். ஒரு மென்பொருளில் புதிய வசதி ஒன்றைச் சேர்க்கிறோம். அது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது, எதற்காக வேண்டும் என்று எழுதிவைக்கிறோமே, அந்த ஆவணத்தைத்தான் சொல்கிறேன். அதை எப்படி எழுதுவது என்பது பாதிப் பேச்சு. எழுதிய பிறகு அதை எப்படிக் காப்பாற்றுவது என்பது மறுபாதி. இரண்டாவது பாதியைப் பற்றி நம் அலுவலகங்களில் யாரும் பேசுவதே இல்லை. அதனால்தான் நான் பேச வந்தேன்.

எந்த மென்பொருள் நிறுவனத்துக்குள் வேண்டுமானாலும் போய் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். மாலைக்குள் ஒரு முறையாவது இந்தக் கேள்வி உங்கள் காதில் விழும்: "இது எங்கே எழுதியிருக்கிறது?" டெஸ்டர் டெவலப்பரைக் கேட்பார். டெவலப்பர் மேனேஜரைக் கேட்பார். மேனேஜர் வேலையை விட்டுப் போன ஒருவரின் பெயரைச் சொல்லி, "அவருக்குத்தான் தெரியும்" என்பார்.

ஒரே ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். ஆம்னி பேருந்துகளுக்கு டிக்கெட் பதிவு செய்யும் செயலி ஒன்றை நீங்கள் உருவாக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெக்கில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "பேருந்து புறப்படுவதற்கு 6 மணி நேரம் முன்பு வரை ரத்து செய்தால் முழுக் கட்டணமும் திருப்பித் தரப்படும்." படித்தால் பளிச்சென்று இருக்கிறது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். வேலை தொடங்கிவிடுகிறது.

பேருந்து 14-ஆம் தேதி இரவு 9 மணிக்குக் கிளாம்பாக்கத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் புறப்படுகிறது. திருச்சியில் ஏற வேண்டிய ஒரு பயணி இருக்கிறார். வண்டி திருச்சிக்கு வரும்போது மணி அதிகாலை 2.30, தேதி 15 ஆகிவிட்டது. அவர் 14-ஆம் தேதி மாலை 6 மணிக்கு டிக்கெட்டை ரத்து செய்கிறார். பணம் திரும்புமா? கிளாம்பாக்கத்துக் கணக்கில் மூன்று மணி நேரம்தான் மிச்சம், திரும்பாது. திருச்சிக் கணக்கில் எட்டரை மணி நேரம் மிச்சம், திரும்பும். நம் ஸ்பெக் என்ன சொல்கிறது? "பேருந்து புறப்படுவதற்கு" என்று சொல்கிறது. எங்கிருந்து புறப்படுவதற்கு? எங்கே எழுதியிருக்கிறது?

டெவலப்பர் கிளாம்பாக்கத்தை எடுத்துக்கொண்டார். டெஸ்டர் ஏறுமிடத்தை எடுத்துக்கொண்டார். வாடிக்கையாளர் சேவையில் இருக்கும் பெண் போனில், "கவலைப்படாதீங்க சார், முழுசா வந்துடும்" என்று சொல்லிவிட்டார். மூவரும் திறமைசாலிகள். மூவரும் நேர்மையானவர்கள். மூவரும் ஸ்பெக்கைப் படித்தவர்கள். இருந்தும் மூன்று பேர் தலையில் மூன்று மென்பொருள்கள் ஓடுகின்றன.

இன்னும் கேளுங்கள். வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்றால், ஆறு மணி நேரத்தை அட்டவணை நேரத்திலிருந்து எண்ணுவதா, உண்மையில் கிளம்பிய நேரத்திலிருந்து எண்ணுவதா? முழுக் கட்டணம் என்றால் ஜிஎஸ்டியும் சேவைக் கட்டணமும் அதில் அடக்கமா? நான்கு பேர் டிக்கெட்டில் ஒருவர் மட்டும் ரத்து செய்தால் கூப்பன் தள்ளுபடி என்ன ஆகும்? சரியாக 6 மணி நேரம் இருக்கும்போது பொத்தானை அழுத்தினால்? டிக்கெட்டில் பயணத் தேதி என்று 14-ஐ அச்சிடுவதா, 15-ஐயா? தேதி 15 என்று பார்த்துவிட்டு ஒரு குடும்பம் 15-ஆம் தேதி இரவு பெட்டி படுக்கையோடு சாலையோரம் வந்து நிற்கும். வண்டி அன்று அதிகாலையே போயிருக்கும். அந்தக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்பெக்கில் விடுபட்ட ஒரு வரியின் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்பது அப்போது புரியும்.

இதற்கு என்ன மருந்து? பக்கங்களைக் கூட்டுவதா? இல்லை. அந்த வரிக்குக் கீழே நான்கு உதாரணங்களை எழுதுங்கள், போதும். ஏறுமிடம் திருச்சி, ஏறும் நேரம் 15-ஆம் தேதி 2.30, ரத்து செய்த நேரம் 14-ஆம் தேதி மாலை 6.00, திரும்பும் தொகை இவ்வளவு ரூபாய் என்று ஊரும் நேரமும் தொகையும் போட்டு எழுதுங்கள். முதல் உதாரணத்தை எழுதும்போதே, "அட, எந்த நேரத்தை எடுப்பது?" என்ற கேள்வி எழுந்துவிடும். பெயரடைகளுக்குப் பின்னால் ஒரு குழப்பம் ஒளிந்துகொள்ளலாம். எண்களுக்குப் பின்னால் அதற்கு இடமில்லை.

அதற்கும் கீழே இன்னும் இரண்டு வரி வேண்டும். ஏறுமிடத்து நேரம்தான் கணக்கு என்று முடிவெடுத்தோம் என்றால், அதை ஏன் எடுத்தோம்? பயணிக்குத் தெரிந்த நேரம் அதுதான் என்பதால். பேருந்து உரிமையாளர்கள் வேறு என்ன கேட்டார்கள், அதை ஏன் ஏற்கவில்லை? இந்த இரண்டு வரிதான் ஸ்பெக்கிலேயே அதிக ஆயுள் உள்ள பகுதி என்பது என் உறுதியான கருத்து. என்ன செய்கிறது என்பதை நிரலைப் படித்தாவது கண்டுபிடித்துவிடலாம். ஏன் அப்படிச் செய்கிறது என்பதை நிரல் சொல்லாது. பைத்தான் மொழியில் மாற்றம் கேட்டு எழுதப்படும் பெப் ஆவணங்களில், நிராகரித்த யோசனைகளுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்குகிறார்கள். அதே விவாதம் ஆண்டுதோறும் புதிதாக முளைக்காமல் இருக்க அது எவ்வளவு உதவும் என்று எண்ணிப் பாருங்கள்!

நண்பர்களே, இது டிக்கெட் விவகாரம், சில நூறு ரூபாய் விவகாரம் என்று யாராவது நினைத்தால், அவர்களை 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதிக்கு அழைத்துப் போகிறேன்.

இடம், தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளம். ஐரோப்பாவின் புத்தம் புதிய ஏரியான் 5 ராக்கெட் முதல் முறையாக எழும்புகிறது. உள்ளே க்ளஸ்டர் என்ற திட்டத்தின் நான்கு அறிவியல் செயற்கைக்கோள்கள். சுமார் 40 விநாடிகள் ஆகின்றன. ராக்கெட் திடீரென்று திசை திரும்புகிறது, உடைகிறது, வெடித்துச் சிதறுகிறது. என்ன காரணம்? எஞ்சினில் கோளாறு இல்லை. எரிபொருளில் குறை இல்லை. ராக்கெட் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கணக்கிடும் கருவியின் மென்பொருளில், 64 பிட்டில் இருந்த ஓர் எண்ணை 16 பிட்டுக்குள் மாற்றினார்கள். எண் பெரிதாக இருந்தது; உள்ளே அடங்கவில்லை. கருவி நின்றுபோனது. துணைக்கு வைத்திருந்த இன்னொரு கருவியிலும் அதே மென்பொருள் என்பதால் அதுவும் அதே காரணத்தால் நின்றுபோனது.

அந்த மென்பொருள் முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-இல் பிசகில்லாமல் ஓடியது. அங்கிருந்து அப்படியே எடுத்து வந்தார்கள். ஏரியான் 4-இன் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளராது. ஆகவே அந்த மாற்றத்தில் பிழை வந்தால் பிடிக்கும் காவல் தேவையில்லை என்று அன்றைய பொறியாளர்கள் யோசித்தே முடிவெடுத்திருந்தார்கள். இப்படிப் பிழை வரக்கூடிய ஏழு மாறிகளில் நான்குக்குக் காவல் போட்டார்கள், மூன்றை விட்டுவிட்டார்கள். கணினியின் வேலைப்பளு ஓர் அளவைத் தாண்டக் கூடாது என்பதற்காகச் செய்த சிக்கனம் அது. முட்டாள்தனமான முடிவா? இல்லை. ஏரியான் 4-க்கு அது சரியான முடிவு. ஆனால் ஏரியான் 5 வேறு பாதையில் போகும் ராக்கெட். அந்த எண் சார்ந்திருந்த கிடைமட்ட வேகம் அதில் மிக விரைவாகக் கூடும். அந்தப் புதிய பாதையின் விவரம் கருவியின் ஸ்பெக்கில் சேர்க்கப்படவே இல்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். அந்த எண்ணைக் கணக்கிட்ட பகுதிக்கு ராக்கெட் மேலே எழும்பிய பிறகு ஏரியான் 5-இல் வேலையே கிடையாது! பழைய ராக்கெட்டுக்குத் தேவைப்பட்டது என்பதற்காக அது தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. ஏன் ஓடுகிறது என்று யாராவது கேட்டிருந்தால்? எங்கே எழுதியிருக்கிறது என்று ஒருவர் தேடியிருந்தால்?

கணித அறிஞர் ஜாக் லூயி லியோன்ஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அடுத்த மாதமே அறிக்கை வந்தது. மாறிகளை ஏன் காவலின்றி விட்டார்கள் என்பதற்கான காரணம் நிரலில் நேரடியாக எங்கும் இல்லை. ஆவணக் குவியலுக்குள், வெளியிலிருந்து பரிசீலிப்பவர் கண்ணில் படாதபடி மறைந்துகிடந்தது என்று குழு கண்டது. அந்தக் குழு தந்த பரிந்துரைகளில் ஒன்றை ஒவ்வொரு மென்பொருள் அலுவலகத்தின் சுவரிலும் எழுதிவைக்க வேண்டும் என்பேன். நிரலுக்குத் தரும் அதே கவனத்தை, அதன் நியாயத்தைச் சொல்லும் ஆவணத்துக்கும் தர வேண்டும். இரண்டும் ஒத்திருக்கும்படி பார்த்துக்கொள்ளும் முறையைச் சீராக்க வேண்டும். இவ்வளவுதான் அதன் சாரம். என் பேச்சு முழுவதற்கும் சாரம் அதுவே.

ஏரியானில் ஸ்பெக் மௌனமாக இருந்தது. சரி, ஸ்பெக் பேசினால் மட்டும் போதுமா? மூன்று ஆண்டுகள் கழித்து, 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்துபோனது. உந்துவிசைக் கணக்கை நியூட்டன்-விநாடியில் தர வேண்டும் என்று ஸ்பெக் தெளிவாகச் சொல்லியிருந்தது. தரையில் ஓடிய மென்பொருள் அதைப் பவுண்டு-விநாடியில் தந்தது. ஏறக்குறைய 4.45 மடங்கு வித்தியாசம். எழுதியிருந்தது; ஆனால் எழுதியபடி நிரல் நடக்கிறதா என்று ஒருவரும் ஒப்பிட்டு உறுதிசெய்யவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழியைத் தன்னுடனேயே கொண்டிருக்காத ஸ்பெக் வெறும் விருப்பக் கடிதம்.

அப்படியானால், எழுதியதைக் காப்பாற்றுவது எப்படி? இது இன்று முளைத்த கேள்வி இல்லை. 1960-களில் ஐபிஎம் நிறுவனம் ஓஎஸ்/360 என்ற மாபெரும் இயக்க மென்பொருளை உருவாக்கியது. அந்தப் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் தன் அனுபவத்தை 1975-இல் 'தி மித்திக்கல் மேன்-மந்த்' என்ற நூலாக எழுதினார். திட்ட ஆவணங்கள் எல்லாவற்றையும் சேர்த்த ஒரு பணிப்புத்தகம் ஒவ்வொரு நிரலாளரிடமும் இருக்க வேண்டும், அது அன்றாடம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். ஆறு மாதத்தில் அந்தப் பணிப்புத்தகம் ஐந்தடி கனம் ஆகிவிட்டது! ஒவ்வொரு நாளும் சுமார் 150 பக்கங்கள் மாற்றம் வந்தது. பழைய தாளைக் கழற்றிப் புதிய தாளைச் செருகுவதிலேயே வேலை நேரம் கரைந்தது. பிறகு மைக்ரோஃபிஷ் என்ற நுண்படத் தகடுகளுக்கு மாறினார்கள். தாளாக இருந்தபோது, மாறிய வரிகளுக்குப் பக்கத்தில் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, என்ன மாறியது என்று காட்டினார்கள்.

அந்த உழைப்பைப் பாருங்கள். தாளைக் கழற்றிச் செருகியாவது ஸ்பெக்கை உயிரோடு வைத்திருக்க அவர்கள் தயாராக இருந்தார்கள். இன்று நம்மிடம் கிட் என்ற மாற்றப் பதிவுக் கருவி இருக்கிறது. எந்த வரியை யார், எந்த நாளில், எதற்காக மாற்றினார்கள் என்று ஒரு நொடியில் காட்டுகிறது. இவ்வளவு வசதியை வைத்துக்கொண்டு, ஸ்பெக்கை எங்கோ ஒரு டிரைவில், 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'புதிய ஃபைனல்' என்று போட்டுவைத்திருக்கிறோமே, இது நியாயமா?

ஸ்பெக் நிரல் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். நிரலை மாற்றுகிறவரே அதே மாற்றக் கோரிக்கையில் ஸ்பெக்கையும் மாற்றட்டும். பரிசீலிப்பவர் இரண்டையும் சேர்த்தே பார்க்கட்டும். ஸ்பெக் மாறாத நிரல் மாற்றத்தை அவர் திருப்பி அனுப்பட்டும். "ரிலீஸ் முடியட்டும், பிறகு ஆவணத்தைச் சரிசெய்வோம்" என்ற வாக்குறுதியை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? அந்தப் பிறகு வந்ததுண்டா?

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு சான்று இருக்கிறது. ஹெச்டிஎம்எல் 4.01 ஸ்பெக் 1999 டிசம்பரில் வந்தது. பிழையோடு எழுதப்பட்ட பக்கத்தை உலாவி எப்படிக் காட்ட வேண்டும் என்பதை அது வரையறுக்கவில்லை. இணையத்திலோ பிழையுள்ள பக்கங்கள்தான் அதிகம். ஆகவே ஒவ்வொரு உலாவி நிறுவனமும் மற்றவருடைய உலாவி என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்து நகலெடுக்க வேண்டியதாயிற்று. 2004-இல் ஆப்பிள், மொசில்லா, ஓபரா ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் கூடி வாட்விக் என்ற குழுவைத் தொடங்கினார்கள். பிழையைக் கையாளும் விதத்தையும் படிப்படியாக எழுதினார்கள். அந்த ஸ்பெக்குக்கு இன்று பதிப்பு எண் கிடையாது. மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் கண்டபடி மாறாது. ஒரு நடத்தையை மாற்ற வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு உலாவித் தரப்பின் ஆதரவு வேண்டும். அதைச் சோதிக்கும் டெஸ்ட்டுகள் கூடவே வர வேண்டும். போட்டி நிறுவனங்கள் சேர்ந்து இதைச் செய்கின்றன. ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேரால் முடியாதா?

"எங்களுடையது பழைய மென்பொருள், ஸ்பெக்கே இல்லை, இனி என்ன செய்வது?" என்பார்கள் சிலர். அமெரிக்கக் கடற்படையின் ஏ-7 விமானத்தில் ஓடிக்கொண்டிருந்த மென்பொருளுக்கும் அப்படித்தான் முழுமையான ஸ்பெக் இல்லை. டேவிட் பார்னாஸ், கேத்ரின் ஹெனிங்கர் ஆகியோர் அடங்கிய கடற்படை ஆய்வகக் குழு, பறந்துகொண்டிருக்கும் மென்பொருளுக்கு 1978-இல் ஸ்பெக் எழுதி முடித்தது. பதில்களைத் தேடுவதற்கு முன் கேள்விகளை எழுதிவைத்தார்கள். அட்டவணைகளாக எழுதினார்கள், காலியாக இருக்கும் கட்டம், இங்கே யாரும் யோசிக்கவில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். எவை மாறாது என்று நம்புகிறோம், எவை மாறக்கூடும் என்று எதிர்பார்க்கிறோம் என்று தனித்தனிப் பகுதிகளே வைத்தார்கள். ஏரியானில் விடுபட்டது இதுதானே! நாம் எதை நம்பி இதைக் கட்டினோம் என்ற அந்தப் பகுதிதானே!

இன்னொரு மறுப்பும் வரும். "நாங்கள் அஜைல் முறையில் வேலை செய்கிறோம், ஆவணம் தேவையில்லை." 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதினேழு பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். விரிவான ஆவணத்தைவிட ஓடும் மென்பொருளை மேலாக மதிக்கிறோம் என்றார்கள். ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்று அதே அறிக்கையில் சொன்னார்கள். நம்மில் பலர் முதல் வரியோடு புத்தகத்தை மூடிவிட்டோம்.

கடைசியாக, நம் ஊருக்கென்று ஒரு பேச்சு. நம் அலுவலகங்களில் விவாதம் தமிழில் நடக்கிறது. சூடாக, நுட்பமாக, தெளிவாக நடக்கிறது. அந்த அறையிலிருந்து வெளியே வந்து எழுதும்போது ஆங்கிலத்தில் நான்கு பொதுவான வாக்கியங்களாக வற்றிவிடுகிறது. பேசியதில் பாதி எழுத்தில் வருவதில்லை. அது எழுதுகிறவரின் அறிவுக் குறைவு இல்லை. பழகாத நடையில் எழுத வேண்டிய கட்டாயம். வாடிக்கையாளர் வெளிநாட்டில் இருந்தால் ஆங்கிலம் வேண்டும்தான். ஆனால் சேலத்து ஜவுளிக் கடைக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் பில்லிங் மென்பொருள் எழுதும்போது, அந்தக் கடைக் கணக்குப்பிள்ளை படித்து, "இது தப்பு தம்பி, நாங்க இப்படிப் போட மாட்டோம்" என்று சொல்லக்கூடிய மொழியில் ஸ்பெக் இருக்க வேண்டாமா? குக்கம்பர் என்ற சோதனைக் கருவி பயன்படுத்தும் கெர்கின் எழுத்துமுறை தமிழையும் ஏற்கிறது. 'அம்சம்', 'காட்சி' என்று தமிழ்ச் சொற்களைப் போட்டே உதாரணங்களை எழுதலாம். அந்த உதாரணங்களை நிரலோடு இணைத்துவிட்டால் கணினியே ஓட்டிப் பார்த்துச் சரியா தவறா என்று சொல்லும். கணக்குப்பிள்ளையும் படிக்கலாம், கணினியும் படிக்கலாம்.

இன்று நிரலின் பெரும்பகுதியை இயந்திரமே எழுதித் தரும் காலம் வந்துவிட்டது. கேட்டதைக் கேட்டபடி அது எழுதித் தரும். கேட்கத் தெரிந்தவர்கள் யார்? மாணவர்களே, அந்த இடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.

உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். நாளை அலுவலகம் போனதும், உங்கள் குழு செய்து முடித்த வசதிகளில் ஒன்றை, ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் ஸ்பெக்கைத் தேடி எடுங்கள். மென்பொருளை ஓடவிட்டு, ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். உண்மையில்லாத வரியைத் திருத்துங்கள். காரணம் இல்லாத இடத்தில், காரணம் தெரிந்தவர் இன்னும் உங்கள் அலுவலகத்தில் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பிறகு அதை நிரலுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஸ்பெக்கே கிடைக்கவில்லை என்றால், கேள்விகளை எழுதுவதிலிருந்து தொடங்குங்கள்.